'ஃபர்னிச்சர்ஸ்' ஏன் தப்பு? நாற்காலியை எண்ண முடியும்தானே

ராயபுரம் தம்பி:
சரக்கு ஏற்றுமதி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. நேற்று ஒரு மெயிலில் 'ஃபர்னிச்சர்ஸ்', 'எக்விப்மென்ட்ஸ்', 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்று எழுதியிருந்தேன், மேனேஜர் மூன்றிலும் கடைசி எஸ்ஸை அடித்துவிட்டார். எண்ண முடிந்தால் கவுன்டபிள், முடியாவிட்டால் அன்கவுன்டபிள் என்றுதானே பள்ளியில் படித்தோம்? வீட்டில் நாலு நாற்காலி, ஒரு கட்டில், ஒரு பீரோ, எண்ணினால் ஆறு வருகிறது. மனியும் அன்கவுன்டபிளாம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க எதை எண்ணுகிறார்கள்?

தண்டையார்பேட்டை:
பொருளைப் பார்க்காதீங்க தம்பி, சொல்லைப் பாருங்க. அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒன், டூ, த்ரீ நிற்குமா என்பதுதான் கேள்வி. 'டூ சேர்ஸ்' நிற்கும், 'டூ ஃபர்னிச்சர்' நிற்காது, ஏனென்றால் அது மொத்தக் கூட்டத்துக்கும் சேர்த்து வைத்த பேர். ஜவுளிக்கடையில் எண்ணுவது ருப்பீஸ், நோட்ஸ். 'டென் மனி' என்று யாரும் சொல்வதில்லை. பேக் எண்ணலாம், லக்கேஜ் எண்ணக்கூடாது. மெஷின் எண்ணலாம், மெஷினரி கூடாது. எண்ணியே ஆகணும் என்றால் 'எ பீஸ் ஆஃப் ஃபர்னிச்சர்', 'த்ரீ பீசஸ் ஆஃப் லக்கேஜ்'.

காசிமேடு டியூஷன் அக்கா:
மேலே சொன்னது சரி. ஆனால் நம் பிள்ளைகள் விழும் இடம் வேறு, பல வருஷமாகப் பார்க்கிறேன். தமிழில் தகவல்கள், அறிவுரைகள், செய்திகள் என்று தாராளமாகக் 'கள்' போடுகிறோம், அதே கையோடு 'அட்வைசஸ்' என்று எழுதிவிடுகிறார்கள். நியூஸுக்குக் கடைசியில் எஸ் இருந்தாலும் அது ஒருமை, 'நியூஸ் இஸ்' என்றுதான் வரும். இதற்கு நேர் எதிராக 'பத்து மாம்பழம்' என்று 'கள்' இல்லாமலே பேசுகிறோம், அதனால் 'டென் மேங்கோ' என்று எஸ்ஸை விட்டுவிடுகிறார்கள். இரண்டு தப்புக்கும் வேர் ஒன்றுதான், தமிழ்க் கணக்கை அப்படியே ஆங்கிலத்தில் போடுவது.

மீன் தனிக் கதை. படகில் வந்த பத்து மீன் 'டென் ஃபிஷ்', எஸ் இல்லாவிட்டாலும் பன்மை. தட்டில் வைத்த மீன் 'சம் ஃபிஷ்', அங்கே அது அன்கவுன்டபிள். தலைமுடியும் அப்படித்தான், சோற்றில் கிடந்தால் 'எ ஹேர்', தலையில் இருப்பது மொத்தமும் வெறும் 'ஹேர்'.

ராயபுரம் தம்பி:
இப்போ புரியுது அக்கா. அப்போ கடையில் 'டூ டீஸ்' என்று கேட்பது தப்பா?

காசிமேடு டியூஷன் அக்கா:
தப்பில்லை, அங்கே எண்ணுவது கிளாஸை. அதனால் ஒரே சொல் இரண்டு பக்கமும் போகும், மனப்பாடம் உதவாது. மாணவர்களுக்கென்று வரும் ஆங்கில அகராதியில் பெயர்ச்சொல் பக்கத்தில் 'சி' (கவுன்டபிள்) அல்லது 'யு' (அன்கவுன்டபிள்) என்று குறித்திருப்பார்கள், மெயில் அனுப்பும் முன் அதை ஒரு தடவை புரட்டிப் பாருங்க. அப்புறம், 'மெனி எக்விப்மென்ட்' என்றும் எழுதிடாதீங்க, அங்கே 'மச்' அல்லது 'எ லாட் ஆஃப்'.