சடங்கில்லாமல் அப்பாவுக்கு நினைவேந்தல்: உதவுங்கள்

வணக்கம் தோழர்களே. மும்பை தாராவியில் இருக்கிறோம். போன செவ்வாய்க்கிழமை அப்பா இறந்துவிட்டார். கடைசி வரை கடவுள் மறுப்பாளர். அவர் விருப்பப்படி 6 மணி நேரத்துக்குள் கண்களைத் தானமாகக் கொடுத்துவிட்டோம். சுடுகாட்டிலும் சடங்கு எதுவும் செய்யவில்லை.

பதினாறாம் நாள் காரியம் செய்யச் சொல்லி ஊரிலிருந்து பெரியப்பா தினமும் போன் செய்கிறார். அதைச் சமாளித்துவிடுவேன். அம்மாவைத்தான் தேற்றத் தெரியவில்லை. அப்பாவின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அதே பெட்டியில் வைக்கிறார். “அவர் இப்ப எங்கடா இருப்பார்?” என்கிறார். எங்கேயும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பொய் சொல்லவும் மனமில்லை.

பதினாறாம் நாளன்று அப்பாவின் படத்திறப்பு மட்டும் வைக்கிறோம். மாட்டுங்கா, சயான் பக்கம் 50 பேர் உட்காரச் சின்ன அரங்கு இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், நீங்கள் உங்கள் அம்மாவிடம் என்ன சொன்னீர்கள்?