மொரீஷியஸும் பல்கேரியாவும்: வாழ்க்கைத்தரத்தை எதை வைத்து அளப்பது?

திருநகர் மாணவன்:

எல்லாருக்கும் வணக்கம். பி.ஏ. பொருளியல் கடைசி ஆண்டு புராஜெக்டுக்கு ஓர் ஆப்பிரிக்க நாட்டையும் ஓர் ஐரோப்பிய நாட்டையும் ஒப்பிட வேண்டும். நைஜீரியா, ஜெர்மனி என்று எடுத்தால் முடிவு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும் என்பதால் மொரீஷியஸையும் பல்கேரியாவையும் எடுத்திருக்கிறேன். மூன்று இடத்தில் முட்டி நிற்கிறேன்.

1. 2023-இல் தனிநபர் உள்நாட்டு உற்பத்தி மொரீஷியஸுக்கு 11,000 டாலர் சொச்சம், பல்கேரியாவுக்கு 16,000-க்குக் கிட்ட. ஆனால் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் 2021-22 அறிக்கையில் மனித மேம்பாட்டுக் குறியீட்டில் மொரீஷியஸ் 63-ஆவது இடம், பல்கேரியா 68. எதை நம்புவது?

2. சாதாரணத் தொழிலாளியின் சம்பளத்தை எப்படி ஒப்பிடுவது?

3. உலக வங்கித் தரவில் கினி குறியீடு (ஏற்றத்தாழ்வை அளப்பது, எண் கூடினால் ஏற்றத்தாழ்வு அதிகம்) மொரீஷியஸுக்கு 36.8 (2017), பல்கேரியாவுக்கு 39-க்கு அருகில் (2021). மொரீஷியஸில் ஏற்றத்தாழ்வு குறைவு என்று எழுதலாமா?

அனுப்பானடி புள்ளிவிவரம்:

தம்பி, முதல் கேள்விக்கு விடை 2021 என்ற ஆண்டிலேயே இருக்கிறது. அந்த அறிக்கை பயன்படுத்தியது 2021-ஆம் ஆண்டின் எண்கள். கொரோனாவில் மக்கள்தொகை விகிதப்படி உலகிலேயே மிக அதிகமாக உயிரிழந்த நாடுகளில் பல்கேரியாவும் ஒன்று. அங்கே பிறப்பின்போதான ஆயுள் எதிர்பார்ப்பு அந்த ஆண்டு 72-க்கும் கீழே இறங்கியது. 2023-இல் திரும்ப 75-ஐத் தாண்டிவிட்டது. குறியீட்டில் மூன்றில் ஒரு பங்கு ஆயுளுக்குத்தான், மீதி கல்விக்கும் வருமானத்துக்கும். 2025-இல் வந்த அறிக்கையில் பல்கேரியா தெளிவாக மேலே போய்விட்டது.

அதற்காக 2020-ஐ எடுத்தால் அது மொரீஷியஸுக்கு அநியாயம். விமானம் நின்றது, சுற்றுலா நின்றது, உற்பத்தி ஒரே ஆண்டில் ஏறத்தாழ 15 சதவீதம் சரிந்தது. பல்கேரியாவில் சரிவு 4 சதவீதத்தைத் தாண்டவில்லை. ஆகவே 2015 முதல் 2019 வரை ஐந்தாண்டு சராசரி ஒரு பத்தி, 2023 தனியாக ஒரு பத்தி என்று அட்டவணை போடுங்கள். 2020, 2021 இரண்டையும் அடிக்குறிப்புக்குத் தள்ளுங்கள்.

இன்னொன்று. வெவ்வேறு ஆண்டு அறிக்கைகளிலிருந்து இடத்தை எடுத்து "இத்தனை படி ஏறியது, இறங்கியது" என்று எழுதாதீர்கள். ஒவ்வோர் அறிக்கையிலும் பழைய ஆண்டு எண்களையும் சேர்த்தே திருத்துகிறார்கள். ஒரே அறிக்கையில் உள்ள காலத்தொடர் அட்டவணையை மட்டும் எடுக்க வேண்டும்.

உலக வங்கி வகைப்பாடும் உங்களுக்கு நல்ல தீனி. மொரீஷியஸ் 2020 ஜூலையில் உயர்வருமான நாடாக அறிவிக்கப்பட்டது. அப்போதைய எல்லைக்கோடு தனிநபர் வருமானம் 12,535 டாலர். மறு ஆண்டே கீழே வந்துவிட்டது. பல்கேரியா அந்தக் கோட்டைத் தாண்டியது 2024 ஜூலையில்தான். அப்போது கோடு 14,005. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் இருக்கும் ஒரு நாட்டை ஆப்பிரிக்கத் தீவு ஒன்று நான்கு ஆண்டுகள் முந்தியிருக்கிறது. இந்தக் கோடு டாலர் மாற்று விகிதத்தில் கணக்கிடப்படுவது, வாங்கும் திறனில் அல்ல என்பதை ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

வாங்கும் திறன் சமநிலைக்கு, அதாவது உள்ளூர் விலைவாசிக்கு ஏற்பத் திருத்திய டாலருக்கு மாற்றினால் எல்லாம் தலைகீழாகும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த ஜோடியில் அப்படி நடக்காது. இரண்டுமே முடிவெட்டு, பஸ், வீட்டுவேலை மாதிரி உள்ளூர்ச் சேவைகள் மலிவான நாடுகள். இரண்டின் எண்ணும் இரண்டு மடங்குக்கு மேல் உயரும், இடைவெளி ஓரளவுதான் அசையும். பல்கேரியாவுக்குப் பதில் சுவிட்சர்லாந்தை எடுத்திருந்தால் இடைவெளி வெகுவாகச் சுருங்கியிருக்கும்.

சம்பளப் பட்டியல்:

இரண்டாவது கேள்வி. சராசரிச் சம்பளத்தைத் தொடாதீர்கள். பல்கேரியத் தலைநகர் சோஃபியாவின் மென்பொருள் ஊழியரும் மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸின் நிதிநிறுவன ஊழியரும் சேர்ந்து சராசரியைத் தூக்கிவிடுவார்கள். சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளத்தை எடுத்து, கைக்கு எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். 2024 எண்களில் செய்து காட்டுகிறேன்.

பல்கேரியா: மாதம் 933 லெவ் (அப்போதைய பல்கேரிய நாணயம்). சமூகக் காப்பீடு, மருத்துவக் காப்பீடு இரண்டிலும் தொழிலாளி பங்கு 13.78 சதவீதம், அதாவது 128.57. மீதி 804.43. அதன் மேல் 10 சதவீத வருமான வரி 80.44. அங்கே 2008 முதல் ஒரே விகித வரி. வரி இல்லாத அடித்தட்டு என்று பொதுவாக ஒன்று கிடையாது, முதல் லெவ்விலிருந்தே பிடிப்பார்கள். கைக்கு 723.99 லெவ். ஒரு யூரோவுக்கு இத்தனை லெவ் என்று நிலையாகக் கட்டிவைத்த விகிதமான 1.95583-ஆல் வகுத்தால் 370 யூரோ.

மொரீஷியஸ்: மாதம் 16,500 ரூபாய் (அவர்கள் ரூபாய், நம்முடையது அல்ல). சமூகப் பங்களிப்பு 1.5 சதவீதம் 247.50, தேசிய சேமிப்பு நிதி 1 சதவீதம் 165. இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. கைக்கு 16,087.50. அந்த ஆண்டு ஒரு யூரோ ஏறத்தாழ 50 ரூபாய் என்று வைத்தால் 322 யூரோ.

பிடித்தத்துக்கு முன் 477-க்கு 330, பல்கேரியா 45 சதவீதம் மேலே. கைக்கு வந்தபின் 370-க்கு 322. கணக்கு இன்னும் முடியவில்லை. மொரீஷியஸில் ஆண்டு இறுதியில் ஒரு மாதச் சம்பளம் போனஸாகக் கொடுப்பது சட்டம். நம்மூர் தீபாவளி போனஸ் மாதிரி, ஆனால் பேரம் கிடையாது. பல்கேரியாவில் அப்படிச் சட்டமில்லை. அதைப் பன்னிரண்டாகப் பிரித்துச் சேர்த்தால் 349. இடைவெளி 6 சதவீதம்தான்!

இங்கேயே நிறுத்தினால் தப்பாகிவிடும். மொரீஷியஸில் வழக்கமான வேலைவாரம் 45 மணி நேரம், பல்கேரியாவில் 40. மாதத்துக்கு 195 மணி, 173 மணி. ஒரு மணி நேர உழைப்புக்கு 1.79 யூரோ, 2.14 யூரோ. இடைவெளி மறுபடி 19 சதவீதத்துக்கு விரிகிறது. மாதச் சம்பளத்தை மட்டும் வைத்து எழுதுகிறவர்கள் விட்டுவிடுவது இந்த ஐந்து மணி நேரத்தைத்தான்.

கடைசியாக ஒரு கண்ணி. 2024 மொரீஷியஸ் எண்ணைச் சில பட்டியல்களில் 18,500 என்று போட்டிருப்பார்கள். அதில் 2,000 ரூபாய் அரசு தனியாகத் தரும் உதவித்தொகை. அதைச் சேர்த்தால் மாதக் கணக்கில் மொரீஷியஸ் முந்தும், மணிக் கணக்கில் முந்தாது. சேர்க்கிறீர்களா இல்லையா என்பதை எழுதிவிட்டு எதை வேண்டுமானாலும் செய்யுங்கள்.

திருநகர் மாணவன்:

ரொம்ப நன்றி அண்ணே. பல்கேரியாவில் பிடிக்கிற 13.78 சதவீதம் பின்னால் ஓய்வூதியமாகத் திரும்பி வருமே, அதை எப்படிப் பார்ப்பது? கினி பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

பொருளியல் ஆசிரியர், திருமங்கலம்:

நல்ல கேள்வி தம்பி. பல்கேரியாவில் ஓய்வூதியம் கட்டிய தொகையையும் வேலை செய்த ஆண்டுகளையும் பொறுத்தது. மொரீஷியஸில் முதியோருக்கான அடிப்படை ஓய்வூதியம் யாரும் எதுவும் கட்டாமலே எல்லாருக்கும் 1950-களிலிருந்து கிடைக்கிறது. வயது 60 என்றிருந்ததைப் படிப்படியாக 65 ஆக்குவதாக 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அதனால் பிடித்தத்தின் அளவை மட்டும் வைத்து எது சுமை என்று சொல்ல வழியில்லை. பிடித்தம், திரும்ப வருவது இரண்டையும் பக்கம் பக்கமாக எழுதுங்கள்.

கினி விஷயத்தில் நீங்கள் நினைத்தபடி எழுதவே கூடாது. மொரீஷியஸ் எண் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பிலிருந்து, அதாவது நுகர்விலிருந்து வருவது. பல்கேரியா எண் வருமானத்திலிருந்து வருவது. பணக்காரர்கள் வருமானம் முழுவதையும் செலவழிப்பதில்லை. ஏழைகள் கடன் வாங்கியாவது சாப்பிடுகிறார்கள். அதனால் ஒரே நாட்டில் எடுத்தாலும் நுகர்வுக் கினி வருமானக் கினியைவிடப் பெரும்பாலும் குறைவாகத்தான் வரும். 36.8-க்கும் 39-க்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் இந்த அளவுகோல் வித்தியாசமாகவே இருந்துவிடலாம். இந்தியாவின் கினி குறைவாகத் தெரிவதற்கும் இதே காரணம் உண்டு. உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: வருமான ஏற்றத்தாழ்வில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்சியில் உள்ள நாடுகளில் பல்கேரியாவும் ஒன்று. ஒரே விகித வரி அதற்கு ஒரு காரணம்.

கினியில் சிக்காத இன்னொன்றும் இருக்கிறது. மொரீஷியஸில் அரசு மருத்துவம் இலவசம், 2005 முதல் மாணவருக்கும் முதியோருக்கும் பஸ் இலவசம், அரிசி, மாவு, சமையல் எரிவாயுவுக்கு மானியம். ரேஷன் கடையும் இலவச பஸ் பாஸும் ஒரு குடும்பத்துக்கு என்ன செய்கின்றன என்று மதுரையில் யாருக்கும் விளக்க வேண்டாம். பணவருமானக் கணக்கில் இவை வராது. அரசு தரும் கல்வி, மருத்துவத்தையும் சேர்த்த தனிநபர் நுகர்வுக் கணக்கு தனியாக உண்டு. உள்நாட்டு உற்பத்தியைவிட வாழ்க்கைத்தரத்துக்கு அதுதான் நெருக்கம்.

மேலமாசி வீதி:

எண்ணுக்குப் பின்னால் இருக்கும் காரணத்தையும் புராஜெக்டில் ஓர் அத்தியாயம் போடுங்கள்.

மொரீஷியஸின் பரப்பு சுமார் 2,040 சதுர கி.மீ. நம் மதுரை மாவட்டம் 3,700-ஐத் தாண்டும். மக்கள் 12.6 லட்சம், 2011 கணக்கெடுப்பில் மதுரை மாவட்டத்தில் 30 லட்சம். ஜேம்ஸ் மீட் என்ற பொருளியலாளர் (1977-இல் நோபல் பெற்றவர்) 1961-இல் இந்தத் தீவு அமைதியாக வளர வாய்ப்பு குறைவு என்று கணித்தார். ஒற்றைப் பயிர் கரும்பு, வேகமாகப் பெருகும் மக்கள், பல இனங்கள். அவர் பயம் நியாயமானதே, ஆனால் பலிக்கவில்லை. 1968-இல் விடுதலை, 1970-இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்து துணி ஆலைகள் பெருகின. 1975 முதல் ஐரோப்பா உறுதி செய்த விலையில் சர்க்கரையை வாங்கியது. அந்த உபரி உள்ளூரிலேயே ஆலைக்கும் ஹோட்டலுக்கும் முதலீடானது. பிறப்பு விகிதமும் விழுந்தது. பணக்கார நாடுகள் ஆடை இறக்குமதிக்கு நாடுவாரியாக அளவு வைத்திருந்த ஒதுக்கீட்டு ஒப்பந்தம் 2004 இறுதியிலும் சர்க்கரை உடன்பாடு 2009-இலும் முடிந்தபோது நிதிச் சேவையும் சுற்றுலாவும் தாங்கிக்கொண்டன. அந்நிய முதலீட்டு எண்ணில் மட்டும் கவனம்: இந்தியாவுக்குப் போகும் வழியில் தீவைத் தொட்டுச் செல்லும் பணமும் அதில் இருக்கும். (அவர்கள் ரூபாய் நோட்டில் தமிழ் உண்டு. 1998-இல் தமிழைக் கீழே தள்ளி இந்தியை மேலே அச்சிட்டதற்கு எதிர்ப்பு வந்து அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள்.)

பல்கேரியாவின் கதை வேறு. 1997 பிப்ரவரியில் ஒரே மாதத்தில் விலைவாசி 240 சதவீதத்துக்கு மேல் ஏறியது. சேமிப்பெல்லாம் கரைந்தது. அந்த ஜூலையில் லெவ்வை ஜெர்மன் மார்க்கோடு கட்டிப்போட்டு நிலைநிறுத்தினார்கள். ஆனால் மக்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். 1980-களின் கடைசியில் 90 லட்சத்துக்கு அருகில் இருந்தவர்கள் 2021 கணக்கெடுப்பில் 65.2 லட்சம்.

இது தனிநபர் எண்ணை நேரடியாகப் பாதிக்கிறது. 90-ஐ 65-ஆக்கினால் மொத்த உற்பத்தி ஒரு காசுகூட உயராமலே தலைக்கு 38 சதவீதம் கூடும். போனவர்கள் பெரும்பாலும் உழைக்கும் வயதினர் என்பதால் நிஜத்தில் இவ்வளவு சுத்தமாக நடக்காது; அதனால்தான் மொத்த வளர்ச்சியையும் தலைக்கான வளர்ச்சியையும் இரண்டு கோடுகளாக வரையச் சொல்கிறேன். வெளிநாட்டில் குடியேறியவர் வீட்டுக்கு அனுப்பும் பணம் உள்நாட்டு உற்பத்தியிலும் வராது, தேசிய வருமானத்திலும் வராது. செலவழிக்கத்தக்க தேசிய வருமானம் என்ற கணக்கில்தான் வரும்.

பல்கேரியாவின் பேர்போன கசன்லாக் ரோஜா எண்ணெய்க்கு ஒரு பக்கம் ஒதுக்க ஆசை வரும். மதுரை மாவட்ட வருமானத்தை மல்லியை வைத்து அளக்க முடியாது. அதேபோல அங்கேயும் ஏற்றுமதியில் பெரும்பங்கு இயந்திரம், மின்கருவி, செம்பு, கோதுமைக்குத்தான்.

அனுப்பானடி புள்ளிவிவரம்:

விட்டுப்போன இரண்டு. இணையத்தில் பயனர்களே விலை பதியும் "வாழ்க்கைச் செலவு" தளங்களிலிருந்து வாடகையை எடுக்காதீர்கள். இரு நாட்டிலும் பெரும்பான்மையோர் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். அந்த வாடகை தலைநகரில் தங்கும் வெளிநாட்டவர் கொடுப்பது. அதைவிடக் குளிர்காலச் செலவைப் பாருங்கள்: 2023-இல் பல்கேரியாவில் ஐந்தில் ஒருவர் வீட்டைப் போதுமான அளவு சூடாக வைக்க முடியவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். மொரீஷியஸில் அந்தச் செலவே இல்லை. அதற்குப் பதில் உணவில் முக்கால் பங்கு இறக்குமதி, ரூபாய் சரிந்தால் சமையலறை வரை வலிக்கும்.

இன்னொன்று, 2026 ஜனவரி 1 முதல் பல்கேரியாவில் யூரோ. பழைய லெவ் எண்களை 1999-க்குப் பிந்தைய எந்த ஆண்டுக்கும் அதே 1.95583-ஆல் வகுங்கள், அன்றன்றைய விகிதம் தேட வேண்டாம். மொரீஷியஸ் ரூபாய்க்கு மட்டும் ஒவ்வோர் ஆண்டின் சராசரி விகிதத்தைத் தனித்தனியாக எடுக்க வேண்டும்.