பயனர்களே திருத்தும் ஆவணங்கள்: மீடியாவிக்கியா, கிட்டா?

வணக்கம் நண்பர்களே. ஒரு திறமூல மென்பொருள் தளத்துக்கு, பயனர்களே திருத்தக்கூடிய ஆவணத் தொகுப்பைத் திட்டமிடுகிறோம். எதில் அமைப்பது என்பதில் உங்கள் ஆலோசனை தேவை.

விக்கிப்பீடியா இயங்கும் மென்பொருளான மீடியாவிக்கியில் பிழையைப் பார்த்தவர் அங்கேயே ‘தொகு’ பொத்தானை அழுத்தித் திருத்திவிடலாம். வரலாறு, வேறுபாடு, மீளமைப்பு எல்லாம் கூடவே வரும். ஆனால் பக்கங்கள் மென்பொருளின் பதிப்போடு சேர்ந்து நகராது. புதிய பதிப்புக்காக ஒருவர் மாற்றிய கட்டளை, பழைய பதிப்பில் இருப்பவரைத் தவறாக வழிநடத்தும். மார்க்டவுன் (எளிய குறியீடுகள் கொண்ட உரை வடிவம்) கோப்புகளை நிரலோடு, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் வைத்தால் பதிப்புக்கொரு கிளை கிடைக்கும். உடைந்த இணைப்புகளைத் தானியங்கிச் சோதனையே பிடித்துவிடும். ஆனால் ஓர் எழுத்துப்பிழைக்காகப் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தை ஏற்கக் கோரும் விண்ணப்பம்) அனுப்பிக் காத்திருக்க, நிரல் எழுதாதவர்கள் எத்தனை பேர் முன்வருவார்கள்? இதுதான் பெரிய கவலை.

இப்போதைய யோசனை: நிறுவல், ஏபிஐ (பிற நிரல்கள் இணைவதற்கான இடைமுகம்) குறிப்புகள் கிட்டில்; செய்முறைகள், சிக்கல் தீர்வுகள் விக்கியில். ஒரே தகவல் இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்று பழசாகியே தீரும். அதனால் கட்டளை விவரங்களுக்கு விக்கியில் இணைப்பு மட்டும் தருவோம். உரிமம் சிசி பிஒய்-எஸ்ஏ 4.0 (எழுதியவரைக் குறிப்பிட்டு, மாற்றினால் அதே உரிமத்தில் பகிர வேண்டிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம்). பின்னால் மாற்ற நினைத்தால் எழுதிய ஒவ்வொருவரின் சம்மதமும் வேண்டும், ஆகவே முதலிலேயே முடிவு செய்துவிட்டோம்.

விக்கி நடத்தியவர்கள் சொல்லுங்கள்: எரிதத்தை (ஸ்பேம்) தடுக்க, கேப்ட்சா கேட்கும் கன்ஃபர்ம்எடிட், விதிகளின்படி திருத்தங்களை வடிகட்டும் அப்யூஸ்ஃபில்டர் ஆகிய இரண்டு நீட்சிகளும் போதுமா? அப்ரூவ்ட் ரெவ்ஸ் நீட்சியைப் போட்டு, சரிபார்த்த திருத்தங்களை மட்டும் காட்டினால் புதியவர்கள் சோர்ந்துவிடுகிறார்களா? மொழிபெயர்ப்புப் பக்கங்கள் மூலத்தைவிடப் பின்தங்கும்போது என்ன செய்கிறீர்கள்?