ஒரு கேமும் விளையாடாத கேம் ரசிகர்கள் யாராவது இருக்கிறீர்களா?

குளக்கட்டு (கிளிநொச்சி)

போன கிழமை கடைக்கு ஒரு பெடியன் வந்தான். ஓ.எல். சோதினை எடுக்கிற வயது. எனக்குப் போன் திருத்துகிற வேலை. அவன் நீட்டிய போனில் பற்றரி ஊதிப் பின்மூடி ஒரு பக்கம் எழும்பி நின்றது. முன்கண்ணாடியில் இடது மூலையில் ஒரு வட்டம் மட்டும் மங்கலாக இருந்தது. பெருவிரல் உரசி உரசி வந்த மங்கல்.

"ஃப்ரீ ஃபயரோ?" என்றேன். அந்தப் போனின் மெமரிக்கு வேறென்ன ஓடும்? இந்தப் பக்கத்துப் பெடியளிடம் அந்தக் கேம் பரவினதே விலை குறைந்த போனிலும் அது ஓடுகிறபடியால்தான்.

"ஓம் அண்ணை."

"பெர்முடாவில எங்க இறங்கிறனீ? பேக்டரிக் கூரையிலயோ?"

அந்தக் கேமில் வருகிற தீவின் பெயரைக் கேட்டதும் அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அரை மணித்தியாலம் கதைத்தோம். குளூ வாலை (வெடி படாமல் முன்னால் எழுப்புகிற சுவர்) எப்ப போடவேணும், எந்தத் துப்பாக்கிக்கு இப்ப மவுசு என்று எல்லாம். கடைசியில் கேட்டான், "அண்ணை, நீங்கள் என்ன ரேங்க்?"

"நான் விளையாடிறேல்லை தம்பி. யூடியூப்பில பார்க்கிறதுதான்."

பெடியன் என்னைப் பார்த்த பார்வை! கலியாண வீட்டில் சாப்பிட்டு முடித்தவனிடம் 'நீங்கள் ஆர் பகுதி?' என்று கேட்கிற மாதிரி. "விளையாடாட்டி என்னண்டு அண்ணை ரசிகர்?" என்றுவிட்டுப் போய்விட்டான். போன் என் மேசையில் கிடக்கிறது, புதுப் பற்றரி இன்னும் வரவில்லை. அந்தக் கேள்வியும் கிடக்கிறது.

என் கதையைச் சொல்கிறேன். 1998ஆம் ஆண்டு நாங்கள் வன்னியால் வெளிக்கிட்டு வவுனியாவில் மாமா வீட்டில் ஒதுங்கியிருந்தோம். பாஸ் (நடமாட அனுமதிச் சீட்டு) இல்லாமல் தெருவில் இறங்க ஏலாத காலம், வயது வந்தவர்களுக்குத் தெரியும். பெடியள் வீட்டுக்குள்ளேயே கிடக்க வேணும் என்பதற்காகவே மாமா ஒரு ரிவி கேம் வாங்கி வந்தார். மஞ்சள் கசற், அதன் மேல் இலட்சக்கணக்கில் கேம் இருக்கிறதென்று ஒரு ஒட்டி. உள்ளே போட்டால் நாலைந்து கேம்தான் திரும்பத் திரும்ப வரும். அதில் ஒன்று மரியோ. இரண்டு ஜோய்ஸ்டிக்கில் ஒன்றுக்குப் பாயிற பொத்தான் இறுகிப்போயிருந்தது.

முறை வைத்துத்தான் விளையாட்டு. முதலில் மச்சான்மார் மூன்று பேர். பிறகு பக்கத்து வீட்டுப் பெடியன். பிறகு நான். என் முறை வருகிற நேரம் பார்த்து மாமி உள்ளேயிருந்து "ரிவி சூடாகிட்டுது, நிப்பாட்டுங்கோ" என்பா. அண்டி இருக்கிற வீட்டில் 'எனக்கு இன்னும் வரேல்லை' என்று கேட்க வாய் வராது. மொத்தமாக இரண்டு தரம் என் கைக்கு வந்திருக்கும். இரண்டு தரமும் முதல் நடந்து வந்த பழுப்புக் காளானிலேயே முட்டிச் செத்தேன்.

ஆனால் கேம் முழுக்க எனக்குப் பாடம். எட்டு உலகம், உலகத்துக்கு நாலு கட்டம். ஏழாவது உலகத்தின் நாலாவது கட்டம் ஒரு கோட்டை. சரியான பாதையால் போகாவிட்டால் அதே இடம் திரும்பத் திரும்ப வந்துகொண்டேயிருக்கும். பெரிய மச்சானுக்கு அந்த இடத்தில் பைத்தியமே பிடிக்கும். அவனுடைய கண் முழுக்க மரியோவின் காலில். பின்னாலிருந்த எனக்கு நிலம் முழுவதும் தெரியும். "இப்ப மேல... இப்ப கீழ... கீழ எண்டு சொல்லுறன்!" அந்தக் கோட்டையை அவன் கடந்த அன்று அத்தனை பேரும் அவனைத்தான் தூக்கினார்கள். பரவாயில்லை. அன்று இரவு படுத்துக்கொண்டு நிலத்துக்கடிப் பாதையில் வருகிற அந்தத் 'துடும் துடும்' இசையை நான்தான் வாயால் வாசித்தேன். அதைப் போட்டவர் கோஜி கொண்டோ என்ற யப்பான்காரர் என்பதும், கேம் 1985இல் வந்தது என்பதும் இருபது வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

2023 நவம்பரில் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற கொம்பியூட்டர் கேமின் உலகக் கிண்ண இறுதியாட்டம் தென்கொரியாவில் ஒரு பேஸ்போல் மைதானத்தில் நடந்தது. அந்தக் கேமின் நட்சத்திர ஆட்டக்காரர் ஃபேக்கரின் டீ-வன் அணி மூன்றுக்குப் பூச்சியம் என்று வென்றது. மைதானம் நிறைந்த சனம் எழும்பி நின்று கத்தினதைக் கடையில் சோல்டரிங் அயனைக் கையில் பிடித்தபடி பார்த்தேன். அவர்களில் எத்தனை பேர் ஃபேக்கர் மாதிரி ஒரு நிமிடம் விளையாடுவார்கள்? அவர்களிடம் ஒருவரும் கணக்குக் கேட்பதில்லை. என்னிடம் மட்டும் ஏன்?

உங்களுக்கும் இப்படி இருந்தால் எழுதுங்கோ.

---

மல்லாவி மருமகள்

என்னைப் பற்றியல்ல, என் மாமியைப் பற்றி எழுதுகிறேன். வயது 71. போனில் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் மட்டும் தெரியும்.

கொரோனா ஊரடங்கு நேரம் என் மகன் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் இரண்டாவது பாகத்தை யாரோ விளையாடுகிற வீடியோவாக ரிவியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமி வெற்றிலைத் தட்டத்தோடு வந்து பக்கத்தில் குந்தினா. கதாநாயகன் ஆர்தர் மோர்கனின் பெயர் அவவுக்கு வாயில் வராது. 'குதிரைக்காரன்' என்றுதான் சொல்லுவா. மாமியின் கண் ஆளில் இல்லை, குதிரையில். அவன் குதிரைக்குத் தூசி தட்டினால் "நல்ல பிள்ளை" என்பா. தீன் கொடுக்காமல் ஓட்டினால் ஏச்சு விழும். இடம்பெயருமுன் மல்லாவியில் பட்டி நிறைய மாடு வைத்திருந்தவ. அவிழ்த்து விட்டுவிட்டு வெளிக்கிட்டதை இன்றைக்கும் சொல்லுவா, மாட்டின் பெயர்களோடு.

ஒருநாள் குதிரைக்காரன் இருமினான். மகன் கவனிக்கவில்லை. மாமி பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "இது கசம்" என்றா. "சும்மா இருங்கோ அப்பம்மா, தடிமன்" என்றான் இவன். கதையில் கொஞ்சத் தூரம் போனால் ஆள் தெருவில் சுருண்டு விழுகிறான், டொக்டர் சோதிக்கிறார், காசநோய். மாமி எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வையை என்ன சொல்ல!

"ஊசி போடச் சொல்லடா."

"அது 1899 அப்பம்மா. அப்ப மருந்து இல்லை." தேடிப் பார்த்தேன், உண்மைதான். கசத்துக்கு ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடித்ததே 1943இல்.

முடிவு கிட்ட வர அவனோடு ஓடுகிற குதிரை சுடுபட்டு விழும். அத்தனை பேர் துரத்த, அவன் நின்று, குந்தியிருந்து குதிரைக்கு நன்றி சொல்லுவான். மாமி எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டா. மகன் வீடியோவை நிப்பாட்டிவிட்டு அவ வரும்வரை இருந்தான்.

விளையாடவில்லைதான். ஆனால் அந்தக் கேமை எங்கள் வீட்டில் அவவுக்கு மேல் விரும்பினவர் ஒருவரும் இல்லை.

---

முள்ளியவளைத் தம்பி

நான் மற்றப் பக்கம். கோவிக்க வேண்டாம் அண்ணை.

எல்டன் ரிங் என்ற கேம் வந்தபோது (2022) என்னிடம் கொம்பியூட்டர் இல்லை. ஒரு வருடம் முழுக்க வீடியோ பார்த்தேன். அதில் வருகிற மார்கிட் என்ற பெரிய எதிரி எப்ப தடியை ஓங்குவான், எப்ப பொறுத்து அடிப்பான், எல்லாம் மனப்பாடம். பிறகு கம்பசில் கூட்டாளியின் லப்டொப்பில் விளையாட இருந்தேன். மார்கிட்டிடம் 43 தரம் செத்தேன். எண்ணினது கூட்டாளி, அவனுக்கு நல்ல பொழுதுபோக்கு.

தடியை ஓங்கிக்கொண்டு அவன் ஒரு கணம் நிற்பான். அது தெரிந்திருந்தும் கை முந்திவிடும். பார்க்கும்போது அந்த இடத்தில் எனக்குப் பயமே வந்ததில்லை. விளையாடும்போது உள்ளங்கை வேர்த்து லப்டொப் வழுக்குகிறது. 44ஆம் தரம் அவன் விழுந்தபோது நான் போட்ட சத்தத்தில் விடுதிக் காவல்காரர் வந்துவிட்டார். ஒரு வருடம் பார்த்தபோது நான் ரசித்தது விளையாடின ஆளை. கேமை அந்த இரவுதான் ரசித்தேன். ஆக, உங்கள் பெடியன் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

மாமியின் கதைக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

---

பழைய டைனமோ

தம்பிமாருக்கு ஒரு பழங்கதை. 1996 மார்ச் 17. லாகூரில் கிரிக்கெட் உலகக் கிண்ண இறுதியாட்டம். நாங்கள் யாழ்ப்பாணத்தால் இடம்பெயர்ந்து புதுக்குடியிருப்பில் ஒரு கொட்டிலில். கரண்ட் இல்லை, ரேடியோ பற்றரி விற்கிற விலைக்கு வாங்க ஏலாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவை ரேடியோவோடு பொருத்தி, பெடலைக் கையால் சுற்றவேணும். சுற்றுகிறவன் களைத்தால் வர்ணனையும் களைக்கும். அரவிந்த டி சில்வா சதம் அடித்த நேரம் நான் சுற்றிக்கொண்டிருந்தேன். சங்கிலி இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மற்றவர்கள் துள்ளினதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். (அந்த நேரத்தில் இலங்கை அணிக்கு ஏன் துள்ளினோம் என்று கேட்காதீர்கள். அது வேறொரு நீண்ட கதை.)

கடினப் பந்தை அங்கே ஒருவரும் தொட்டதில்லை. அவர் ஆட்டமிழக்காமல் 107 அடித்தார். இன்றைக்கு என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் தெரியாது. இது மறக்கவில்லை.

---

பெயர் வேண்டாம்

எனக்குக் கேமில் துப்பாக்கிச் சத்தம் சரிவராது. 2009இல் பதினொரு வயது. மிச்சத்தை நீங்களே விளங்கிக்கொள்வீர்கள். தம்பி பப்ஜி விளையாடினால் அம்மா மற்ற அறையிலிருந்து "சத்தத்தைக் குறை" என்று ஒன்றுதான் சொல்லுவா. அதற்காகவே எங்கள் வீட்டில் முதலில் வாங்கின சாமான் ஹெட்போன்.

ஆனால் ஒரு கேமுக்கு நான் ரசிகன். திஸ் வார் ஆஃப் மைன். போலந்தில் 2014இல் செய்தது. பொஸ்னியாவின் சரயேவோ நகரம் முற்றுகையில் இருந்த காலத்தை வைத்து எழுந்த கேம். அதில் நீங்கள் படைவீரன் இல்லை, இடிந்த வீட்டுக்குள் இருக்கிற சாதாரண சனம். பகலில் வெளியே போனால் சினைப்பர் சுடுவான். இரவில் ஒரு ஆள் போய்ச் சாப்பாடும் மருந்தும் தேடிவர வேணும். ஒரு ரின் உணவு இருக்கும், பசியோடு மூன்று பேர் இருப்பார்கள். யாருக்கு என்று நீங்கள்தான் அமத்தவேணும்.

அந்தப் பொத்தானை என்னால் அமத்த முடியாது. வேறொருவர் விளையாடுகிற வீடியோவைச் சத்தத்தை நிப்பாட்டிவிட்டுப் பார்ப்பேன். எத்தனை பேர் விளையாடினதைப் பார்த்தேன் என்று கணக்கில்லை. ஒவ்வொருவரும் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று பார்க்கிறேன். ஒரு பெண், ஏதோ ஐரோப்பிய நாடு, பத்து நிமிடம் ஒன்றையும் அமத்தாமல் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தா. அவவுடைய வீடியோ எல்லாம் பார்த்துவிட்டேன்.

---

குளக்கட்டு

எல்லாரும் எழுதினதை நேற்று இரவு இரண்டு தரம் வாசித்தேன். முள்ளியவளைத் தம்பி, உள்ளங்கை வேர்வை பற்றி நீ சொன்னது சரி. அது எனக்குத் தெரியாத சங்கதி, அந்த இடத்தை விட்டுத்தருகிறேன். மற்ற இடத்தை விட்டுத்தர மாட்டேன்.

பற்றரி இன்று வந்தது. பெடியனும் பின்னேரம் வந்தான். போட்டுக் கொடுத்தேன். தொடுதிரை சரியா என்று பார்க்க ஒரு மேட்ச் அடிக்கச் சொன்னேன். "நீங்கள் அடியுங்கோவன்" என்று நீட்டினான். வேண்டாம் என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் நின்று விளையாடத் தொடங்கினான். பேக்டரிக் கூரையில்தான் இறங்கினான், வேறெங்கே? கொஞ்ச நேரத்தில் ஆள் கண்டபடி சுடுகிறான். எனக்குத் தலைகீழாகத்தான் தெரிந்தது, என்றாலும் இடது பக்கம் ஏணியால் ஒருத்தன் ஏறி வருவது தெரிந்தது.

"இடப்பக்கம். வால் போடு."

போட்டான். இரண்டு வெடி வாலில் பட்டது. திரும்பி அவனை விழுத்தினான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. மேசையைச் சுற்றி வந்து என் பக்கத்து ஸ்டூலில் இருந்து, போனை என் பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டான்.