மறு: மறு: பூக்கே – பழமணமா, முதுமணமா, முதிர்மணமா?

அன்புள்ள குழுவினருக்கு,

உணவகப் படிப்புக்கான ஒயின் பாடத்தை வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும். ஒரே ஒரு சொல் இழுக்கிறது: புட்டியில் நாள்பட்ட ஒயினுக்கு வரும் மணத்தைப் பிரெஞ்சில் பூக்கே (bouquet) என்பார்கள், அதற்குத் தமிழ் என்ன?

பாடத்தில் வரும் எடுத்துக்காட்டு, தெற்குப் பிரான்சின் பந்தோல் ஊர்ப்பக்கத்துச் சிவப்பு ஒயின். முர்வெத்ர் திராட்சை பாதிக்குக் குறையக் கூடாது. கிரெனாஷ், சேன்சோ திராட்சைகளும் கூடச் சேரும். மரப்பீப்பாயில் 18 மாதமாவது இருக்க வேண்டும். புதிதில் கறும்பழ வாசமும் நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பும். புட்டியில் பத்துப் பதினைந்து வருடம் கிடந்தால் பழவாசம் ஒதுங்கி, பதனிட்ட தோல், ஈரச்சருகு, வேட்டைக்கறி வாசம் மேலே வரும். அதைத்தான் பூக்கே என்கிறார்கள்.

> பழமணம். எளிது, எல்லோருக்கும் புரியும்.

தம்பி, சிக்கலே அங்குதான். பழமை + மணம், மை கெட்டுப் பழமணம். பழம் + மணம், மகரம் கெட்டு அதுவும் பழமணம். ஒதுங்கிப் போகிற மணத்தின் பெயரையே வருகிற மணத்துக்கும் வைப்பதா?

> அப்படியானால் முதுமணம்.

வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். "வயசான பிறகு கல்யாணமா மேடம்?" என்று ஒரு மாணவி கேட்டாள். விட்டுவிட்டேன்.

> குறள் 27-இல் 'சுவையொளி ஊறோசை நாற்றம்' என்றே வருகிறது. முதுநாற்றம் என்க.

ஐயா, நல்லது கெட்டது சாராத சொல் வேண்டும் என்பது மிகச் சரி. ஆனால் பரிமாறுகிற பிள்ளை இன்று இதைப் படித்தால் ஒயின் கெட்டுப்போனது என்றே எடுத்துக்கொள்வான்.

என் மனம் புறநானூறு 120-இல் நிற்கிறது. 'நிலம்புதைப் பழுனிய மட்டின் தேறல்' என்கிறார் கபிலர். மண்ணில் புதைத்துப் பக்குவமான கள்! பழுனுமணம் என்றால் வினைத்தொகை; புட்டிக்குள் நடந்தது, நடப்பது, இனி நடக்கப்போவது எல்லாம் அதில் அடங்கும். தேறலும் தெளிந்ததுதானே? துவர்ப்பொருளும் நிறப்பொருளும் ஒன்றோடொன்று பிணைந்து கனத்து வண்டலாக அடியில் இறங்க, மேலே நிற்பது தெளிவு.

> பழுனு யாருக்குத் தெரியும்? முதிர்மணமும் வினைத்தொகைதான். நேற்று இங்கே, பந்தோலுக்குப் பக்கத்துத் தூலோனில், பழைய புட்டி ஒன்றைத் திறந்தோம். வண்டல் கலங்காமல் மெதுவாக வேறு குடுவைக்கு மாற்றினோம். கோப்பையைச் சாய்த்தால் விளிம்பில் செங்கல் நிறம். எனக்கு 'முதிர்ந்திருக்கிறது' என்றுதான் வாயில் வந்தது.

அக்கா, வாயில் தானாக வந்த சொல் என்பதால் ஒத்துக்கொள்கிறேன். நால்வர் முதிர்மணம் என்கிறார்கள். அதையே அனுப்புகிறேன், பழுனுமணம் சொல்லடைவில் இருக்கும்.

----

அம்மா,

நாற்றத்தை விடுகிறேன். முதிர்மணத்தை ஏற்கமாட்டேன். முருங்கைக்காயும் முதிரும், முதிர்ந்தால் நார். பழுனுதல் என்பது பழுத்து நிறைதல். சொல்லடைவில் இருப்பதைப் பாடத்துக்குள் கொண்டுவாருங்கள். வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.