2018 எக்ஸ்சி90 டீசல், 36 லட்சம் கேட்கிறார்: கொடுக்கலாமா?

ஏற்காடு வளைவு:
வணக்கம். வீட்டில் ஆறு பேர். நாங்கள் இருவர், மூன்று பிள்ளைகள், எண்பதைத் தொட்ட அம்மா. இப்போதுள்ள ஐந்து சீட் வண்டியில் எங்கே கிளம்பினாலும் ஒருவர் பஸ்ஸில்தான் வர வேண்டும். கோவையில் ஒரு வால்வோ எக்ஸ்சி90 பார்த்தேன். 2018 மாடல், டி5 இன்ஸ்கிரிப்ஷன் வேரியன்ட், டீசல், ஏழு சீட், 62,000 கிலோமீட்டர், இரண்டாவது ஓனர், டிஎன் பதிவு. ஓனர் 36 லட்சம் சொல்கிறார். "புதுசு ஒரு கோடிக்கு மேல சார், மூணுல ஒரு பங்குக்குத் தர்றேன்" என்கிறார். ஆக்சிடென்ட் எதுவும் கிடையாதாம். ஆன்லைனில் அதே வருட வண்டிகள் 29 முதல் 39 வரை கிடக்கின்றன. எதை நம்புவது? அம்மாவைக் கூட்டிப் போய் உட்கார வைத்துப் பார்த்தேன், சிரமமில்லாமல் ஏறினார். மனசு விழுந்துவிட்டது, அதுதான் பயம்.

கியர்பாக்ஸ் மாமா:
விழுந்த மனசை விற்பவரிடம் காட்டிவிடாதீர்கள் தம்பி.

அந்த "மூணுல ஒரு பங்கு" பேச்சை முதலில் தள்ளி வையுங்கள். புது எக்ஸ்சி90 2025 மார்ச்சில் சுமார் 1.03 கோடிக்கு வந்தது உண்மைதான். அதே வருடம் செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்யூவிகளுக்கான வரி, செஸ்ஸோடு 50 சதவீதமாக இருந்தது, 40 ஆனது. ஷோரூம் விலை கோடிக்குக் கீழே வந்துவிட்டது. புதுசு இறங்கினால் பழசும் இறங்கத்தான் வேண்டும். விற்பவர்கள் மட்டும் அந்தச் செய்தியைப் படிப்பதே இல்லை! அதுவும் போக, இப்போது ஷோரூமில் கிடைப்பது பெட்ரோல். நீங்கள் பார்ப்பது டீசல். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

ஆன்லைனில் இருப்பது கேட்கும் விலை, கைமாறிய விலை இல்லை. அந்த 29 லட்சத்து வண்டிகளில் டிஎல் (டெல்லி) நம்பர் எத்தனை என்று பாருங்கள். டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசலுக்குத் தடை என்ற பயம் ரொம்ப நாளாக இருப்பதால் அங்கே டீசல் மலிவு. இங்கே கொண்டுவர என்ஓசி என்ற தடையில்லாச் சான்று, அப்புறம் நம் ஊர் வாழ்நாள் வரி. மலிவெல்லாம் அங்கேயே கரைந்துவிடும். டிஎன் நம்பர், அதே வேரியன்ட், கிட்டத்தட்ட அதே கிலோமீட்டர் என்று நாலைந்தை எழுதி வைத்து, பத்து நாள் கழித்துத் திரும்பப் பாருங்கள். இன்னும் நிற்கிற வண்டியின் விலையில் யாரும் வாங்கவில்லை என்று அர்த்தம்.

வரவு செலவு:
நான் இன்சூரன்ஸ் துறையில் இருக்கிறேன். பாலிசியை வாங்கி 'நோ கிளெய்ம் போனஸ்' எத்தனை சதவீதம் என்று பாருங்கள் அண்ணா. கிளெய்ம் இல்லாமல் முதல் வருடம் முடிந்தால் 20, அப்புறம் 25, 35, 45, ஐந்து வருடத்தில் 50. இது வண்டிக்கு இல்லை, ஆளுக்கு. அதனால் அவர் எந்த வருடம் வாங்கினார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஐடிவியை, அதாவது பாலிசியில் போட்டிருக்கும் வண்டி மதிப்பைக் காட்டி விலை பேசினால் மயங்க வேண்டாம். ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு அது கம்பெனியும் ஓனரும் பேசி வைத்துக்கொள்ளும் தொகை.

ஏற்காடு வளைவு:
பார்த்தேன். 20 சதவீதம்தான். அவர் வாங்கியது 2021ல். அப்படியென்றால் நடுவில் கிளெய்ம் எடுத்திருக்கிறார். கேட்டதும், "பம்பர் மட்டும்தான் சார்" என்றார்.

வரவு செலவு:
பம்பராகவே இருக்கலாம். சர்வீஸ் சென்டரில் பாடி ஒர்க் பில்லை எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை உள்ளே விட்டபோதும் ஓடிய கிலோமீட்டர் அதே ஹிஸ்டரியில் இருக்கும், மீட்டர் உண்மையா என்பதும் தெரிந்துவிடும். அசல் பில் இல்லாமல் 36 பற்றிப் பேசவே வேண்டாம்.

நாமக்கல் கியர்:
இன்ஸ்கிரிப்ஷன் என்றால் ஏர் சஸ்பென்ஷன். காற்றைத் தாங்குவது ரப்பர் பை. எந்தக் கம்பெனி வண்டியானாலும் ஏழெட்டு வருடத்தில் ரப்பர் ரப்பர்தான். ஸ்டார்ட் செய்தால் கம்ப்ரஸர் ஓடி வண்டியை நிமிர்த்திவிடும், பகலில் போனால் ஒன்றும் தெரியாது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியை, அவர் சாவி போடும் முன் பாருங்கள். டயருக்கும் மேல் வளைவுக்கும் நடுவே விரலை விட்டு நாலு மூலையும் அளந்துவிடுங்கள். காற்று கசிகிற மூலை தாழ்ந்திருக்கும்.

டயரில் நாலு இலக்கம் இருக்கும். 1418 என்றால் 2018ன் 14வது வாரம். 20 இன்ச் டயர் ஒன்றே 25,000க்கு மேல் போகும். இந்த 2 லிட்டர் டீசலுக்கு டைமிங் பெல்ட் உண்டு, ஓடிய தூரத்துக்கு மட்டுமில்லை, வயதுக்கும் மாற்ற வேண்டும். மாற்றிய பில் இருக்கிறதா?

ஏற்காடு வளைவு:
நேற்று காலை ஆறு மணிக்கே அபார்ட்மென்ட் வாசலில் போய் நின்றேன். முன்பக்கம் இரண்டு பக்கமும் நாலு விரல் போனது. பின்பக்கம் வலது நாலு, இடது இரண்டுதான். அவர் வந்து ஸ்டார்ட் செய்ததும் எங்கோ முனகல், அரை நிமிடத்தில் வண்டி நேராக எழுந்து நின்றது. "இது நார்மல் சார்" என்றார். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் லிஃப்டில் ஏற்றினோம். பின்னால் இரண்டு ஏர் பையும் மாற்றக் கூலியோடு 1,60,000 எழுதிக் கொடுத்தார்கள். டயர் நாலும் 2018. பெல்ட் பில் இல்லை. பாடி ஒர்க் பில் வந்தது, உண்மையிலேயே பம்பரும் ஒரு லைட்டும்தான். கிலோமீட்டரும் சரி.

கியர்பாக்ஸ் மாமா:
அப்போ ஆள் பொய்யர் இல்லை, ஆசைக்காரர். நீங்கள் எழுதி வைத்த வண்டிகள் என்ன ஆயின?

ஏற்காடு வளைவு:
ஐந்தில் இரண்டு போய்விட்டன. இரண்டுமே 33, 33.5 போட்டிருந்தவை. 36க்கு மேல் போட்ட மூன்றும் அப்படியே நிற்கின்றன.

கியர்பாக்ஸ் மாமா:
அந்த 33கூடப் பேரம் பேசித்தான் போயிருக்கும். 32.5 வைத்துக்கொள்வோம். அதில் ஏர் பைக்கு 1.6 லட்சம், டயர் நாலுக்கும் ஒரு லட்சம், பெல்ட் வேலைக்கு அரை லட்சம் கழியுங்கள். 29.4 வருகிறது. 29ல் ஆரம்பியுங்கள், 30க்கு மேல் போகாதீர்கள். ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் டீயைக் குடியுங்கள்.

ஏற்காடு வளைவு:
29.75க்கு முடிந்தது. ஆர்சியில் பேங்க் லோன் இன்னும் இருக்கிறது, "அடைச்சிடுறேன்" என்கிறார்.

வரவு செலவு:
பேங்கின் என்ஓசியும், ஆர்சியில் லோனை நீக்கும் ஃபார்ம் 35ம் கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். லோன் பாக்கியை நேராக பேங்க் கணக்கிலேயே கட்டுங்கள், மீதியை மட்டும் அவரிடம். பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஃபார்ம்களில் அன்றைக்கே கையெழுத்து.

கியர்பாக்ஸ் மாமா:
சாவி இரண்டும் வாங்கினீர்களா?

ஏற்காடு வளைவு:
ஒன்றுதான் இருக்கிறதாம் மாமா.

கியர்பாக்ஸ் மாமா:
அதற்கும் ஒரு எஸ்டிமேட் வாங்கிக்கொண்டு அப்புறம் கையெழுத்துக்குப் போங்கள்.