மண்டைத்தளக் கட்டி: ஒரு சொல் முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

மண்டையின் அடிப்பகுதியில் உண்டாகும் கட்டியான ‘ஸ்கல் பேஸ் டியூமர்’ என்பதற்கு முந்தைய மடலில் முன்வைக்கப்பட்ட ‘மண்டையடிக் கட்டி’ சுருக்கமான சொல்தான். ஆனால் ‘மண்டையடி’ என்று படித்தவுடன் தலையில் விழுந்த அடியும் அதனால் உண்டான வீக்கமுமே மனத்தில் தோன்றும். நோயின் பெயரை முதன்முதலாகக் கேட்கும் ஒருவருக்கு அது தவறான காரணத்தைச் சொல்லிவிடும் என்பதால் இதை என்னால் ஏற்க இயலவில்லை.

மற்றொரு சொல்லான ‘மண்டையோட்டு அடித்தளக் கட்டி’ பிழையற்றது. எனினும் முன், நடு, பின் என்ற அடைகளும் ‘அறுவைச் சிகிச்சை’யும் சேரும்போது வாய்க்கு அடங்காமல் நீள்கிறது. மேலும் ‘ஓடு’ என்பது மேலே கவிந்து மூடுவதையே நினைவூட்டுகிறது. நாம் பேசுவதோ மூளை அமர்ந்திருக்கும் அடிப்பகுதியை. முன்னிருந்து பின்னாக மூன்று படிகளாய் இறங்கும் அந்த எலும்பில், பார்வை நரம்புக்கும் மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோட்டிட் தமனிக்கும் தண்டுவடத்துக்கும் தனித்தனித் துளைகள் உண்டு.

ஆகவே ‘மண்டைத்தளம்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். மாடி வீட்டில் தளம் என்பது மேலறைக்குத் தரை, கீழறைக்குக் கூரை. இந்த எலும்பும் அவ்வாறே மூளைக்குத் தரையாகவும் மூக்கறைக்குக் கூரையாகவும் இருக்கிறது. 1907இல் ஆஸ்திரிய மருத்துவர் ஹெர்மன் ஷ்லோஃபர் மூக்கின் வழியாகச் சென்று, மூக்கறைக்குப் பின்னுள்ள ஸ்பீனாய்டு எலும்பைத் திறந்து, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் கட்டியை அகற்றியது இந்த அமைப்பினால்தான். இன்று எண்டோஸ்கோப் என்னும் உள்நோக்குக் கருவி நாசித்துளை வழியே அதே பாதையில் செல்கிறது. கட்டியை எடுத்தபின் தளத்தில் விழுந்த திறப்பை, மூக்கின் நடுச்சுவரிலிருந்து இரத்தக்குழாயோடு பெயர்த்த சவ்வினால் பல வேளைகளில் மூடுகிறார்கள். சரியாக மூடாவிட்டால், குனியும்போது மூளைநீர் மூக்கிலிருந்து தெளிந்த துளிகளாகச் சொட்டும். ‘தளத்தில் ஒழுக்கு’ என்றால் யாருக்கும் விளங்கும்.

‘இணையதளம்’ முதலியவற்றால் குழப்பம் வருமோ என்றால், முன்னொட்டான ‘மண்டை’ அதற்கு இடம் தராது.

‘புற்று’ என்பதை இங்கே கட்டாயம் தவிர்க்க வேண்டும். மூளையுறையில் தோன்றும் கட்டியான மெனிஞ்சியோமாவும் செவிநரம்புக் கட்டியும் பெரும்பாலும் புற்றல்லாதவை; அவை அமைந்த இடமே ஆபத்து.

அறுவைச் சிகிச்சையில் வரும் ‘அப்ரோச்’ என்பதற்கு ‘அணுகுமுறை’ பொருந்தாது; அது செயல்படும் விதம், இதுவோ உடலுக்குள் செல்லும் பாதை. ‘அணுகுவழி’ எனலாமா? அப்படியானால் ‘மூக்குவழி மண்டைத்தள அறுவை’ என்பதிலுள்ள ‘வழி’யும் அதனோடு ஒத்துப்போகும்.